பத்திரிகை நறுக்குகளைக் கட்டக் கொடுக்கலாமா? மட்டக்களப்பு பைண்டிங் கடை ஒன்றைப் பற்றி

கணக்குப் பேரேடும் பள்ளிக்கூட இடாப்பும் கட்டுகிற கடையில் பழைய பத்திரிகை நறுக்குகளை நம்பிக் கொடுக்கலாமா என்று இரண்டொருவர் கேட்டார்கள். கொடுக்கலாம். ஆனால் கூடவே நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும்.

அரசடிச் சந்தியிலிருந்து நடந்து போகும் தூரம். பெயர்ப்பலகையில் எழுத்து அழிந்துவிட்டது. வாசலில் வெட்டுத்தாள் மூட்டை கிடந்தால் அதுதான் கடை. நான் பள்ளிக்கூட நூலகம் பார்த்தவள் என்பதால் கட்டு விஷயத்தில் இலேசில் திருப்தி அடைவதில்லை.

நான் கொண்டுபோனது ஒரு பிஸ்கட் தகரம் நிறைய நறுக்குகள். பாதிக்கு மேல் வீரகேசரி நாளிதழில் ஐயாத்துரை நடேசன் எழுதியவை. மண்முனையில் பாலம் இல்லாத அந்தக் காலத்தில் வாவியின் மேற்கே படுவான்கரையில் நடந்தது கிழக்கே எழுவான்கரையில் இருந்த எங்களுக்கே பத்திரிகை வந்த பிறகுதான் தெரியும். படகேறி, சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று, போய்க் கேட்டு எழுத யாராவது இருந்ததால்தான் அதுவும் தெரிந்தது. 2004 மே 31 காலை, வேலைக்குப் போகும் வழியில் இதே நகரத்தில் நடேசனைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில், 'தராக்கி' என்ற பெயரில் ஆங்கிலத்தில் எழுதிய எங்கள் ஊர்ச் சிவராமைக் கொழும்பில் கடத்திக் கொன்றார்கள். இவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மேடை தெரியாது. நறுக்குகள் கறையான் தின்னாமல் இருக்கப் பணம் கொடுக்கத் தெரியும்.

இனி வேலை. பசை நன்றாக இருக்கிறது: கோதுமை மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சியது, பூச்சி அண்டாது. பிளாஸ்டிக் பசை வேண்டாம் என்று நான் வாய் திறக்குமுன் கடைக்காரரே சொன்னார். நறுக்கு ஒட்டிய புத்தகம் வாய்ப்பக்கம் உப்பிக்கொண்டு மூட முடியாமல் போகும். அதற்காக ஒவ்வொரு தாளுக்கும் முதுகுப் பக்கத்தில் ஒரு விரல் அகல மட்டைக் கீற்று வைத்து, சேர்த்துத் தைத்திருக்கிறார். விரித்தால் மேசையில் தட்டையாகக் கிடக்கிறது. செலோரேப் ஒட்டி மஞ்சளாகிப்போன இடங்களை அவர் தொடவில்லை; பிடுங்கினால் எழுத்தும் சேர்ந்து வரும் என்றார். (செலோரேப் என் தம்பியின் கைங்கரியம்.)

குறை ஒன்று உண்டு, சின்னது அல்ல. ஓரம் சமமாக வரட்டும் என்று ஒரு நறுக்கின் தலைப்பக்கத்தை வெட்டிவிட்டார், தேதி போய்விட்டது. பத்திரிகையாளர் மேரி கொல்வின் வன்னிக்குப் போய்த் திரும்பும்போது இராணுவத்தின் தாக்குதலில் இடக்கண்ணை இழந்த செய்தி அது. லண்டனிலிருந்து வந்த அந்தப் பெண், கண்ணில் கறுப்புப் பட்டியோடு மறுபடி களத்துக்கே போய், 2012 பெப்ரவரியில் சிரியாவின் ஹொம்ஸ் நகரில் ஷெல் வீச்சில் இறந்தார். தேதி இல்லாத செய்தியை வைத்து நூலகக்காரி என்ன செய்வாள்? நான் சத்தம் போட்டேன். "தேதியில் என்ன இருக்கிறது ரீச்சர், எல்லாம் பழசுதானே" என்றார்.

அதற்கு மறுமொழியாகச் சுடர் ஒளிப் பத்திரிகை நறுக்குகளை எடுத்துக் காட்டினேன். 2006 ஜனவரி 2ஆம் தேதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்தார்கள் என்றது இராணுவத் தரப்பு. தலையில் துப்பாக்கிச் சூடு பட்டிருந்ததைக் காட்டின சுடர் ஒளி நிருபர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் தேதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். மனிதர் வெகுநேரம் பார்த்தார். அதற்குப் பிறகு ஒட்டிய எதிலும் கத்தி படவில்லை. நீளமான நறுக்குகளை மடித்தே வைத்திருக்கிறார். வெட்டுப்பட்டதன் கீழே "2001 ஏப்ரல்" என்று பென்சிலால் நானே எழுதிக்கொண்டேன்.

கூலி 3,200 ரூபாய், பாதி முற்பணம். அதிகம் என்று சொல்லமாட்டேன். சொன்ன நாளில் தருவார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தவணைப் பரீட்சைக் காலத்தில் பக்கமே போக வேண்டாம். மேலட்டைக்கு நீலத் துணியைக் கேளுங்கள். சிவப்பு வியர்வைக் கையில் சாயம் விடுகிறது.