பழைய கால்குலேட்டரைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறீர்களா? எனக்கு நடந்ததைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

அப்பா வைத்திருந்த எச்பி-25 (ஹெவ்லெட்-பேக்கார்ட் கம்பெனி) கால்குலேட்டரை ஒருவரிடம் பழுதுபார்க்கக் கொடுத்தேன். நாலைந்து பட்டன் மட்டும் வேலை செய்யாமல் போனது, திரும்பி வந்தபோது ஒரு பட்டனும் வேலை செய்யவில்லை. கூலி முழுதாக வாங்கிக்கொண்டார். பழைய கால்குலேட்டர் வைத்திருக்கும் வேறு யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எச்பி-25 வெளிவந்தது 1975இல். சிவப்பு எல்இடி எழுத்து, முப்பது பட்டன், 49 படிகள் வரை புரோகிராம் எழுதலாம். இதில் சமக்குறி பட்டனே கிடையாது. 3, என்டர், 4, கூட்டல் என்று அழுத்தினால் 7 வரும். அப்பா வேலையில் இருந்த காலம் முழுக்க இதில்தான் கணக்குப் போட்டார். 4 பட்டனின் முனை அவர் விரல் பட்டுப் பட்டு மழமழவென்று ஆகியிருக்கும்.

பல வருடம் அலமாரியில் கிடந்ததில் உள்ளே இருந்த நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்திருந்தது. புது செல் போட்டு ஸ்விட்சைத் தள்ளினேன், 0.00 என்று பளிச்சென வந்தது. அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் 4, 7 இரண்டையும் அழுத்தினால் ஒன்றுமே வரவில்லை. 8ஐ ஒரு தடவை அழுத்தினால் 88 விழுந்தது. இன்னும் இரண்டு பட்டன் ஓங்கி அழுத்தினால் மட்டும் வேலை செய்தன.

இப்போது தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன், இது நல்ல அறிகுறி. டிஸ்ப்ளே சரியாக வருகிறது, மற்ற பட்டன்கள் கணக்குப் போடுகின்றன என்றால் ஐசி, அதாவது உள்ளே கணக்குப் போடும் சிப், உயிரோடுதான் இருக்கிறது. கோளாறு தொடும் இடத்தில். பட்டனுக்குக் கீழே வளைந்த மெல்லிய உலோகத் தகடு இருக்கும். அழுத்தும்போது அது 'டக்' என்று இறங்கிக் கீழே போர்டில் வயருக்குப் பதிலாக ஓடும் செம்புக் கோட்டைத் தொடும். அந்தக் கோட்டில் தங்க முலாம் பூசியிருப்பார்கள், மிக மெல்லிய பூச்சு. இடையில் தூசியோ பேட்டரி கசிவின் உப்போ படிந்தால் தொடர்பு கிடைக்காது, அல்லது விட்டுவிட்டுக் கிடைக்கும். 8க்கு 88 வந்ததும் அதனால்தான்.

பழுதுபார்ப்பவர் "பழைய எலக்ட்ரானிக்ஸ்தான் என் ஸ்பெஷாலிட்டி" என்றார். கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சமக்குறி பட்டன் எங்கே, உடைஞ்சு போச்சா?" அப்போதே திருப்பி வாங்கியிருக்க வேண்டும். எந்தெந்த பட்டன் போயிருக்கிறது என்று அவர் குறித்துக்கொள்ளவில்லை, ஒன்றுகூட அழுத்திப் பார்க்கவில்லை. பேட்டரியோடு சார்ஜரையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துப் போனேன். ஸ்விட்ச் போட்டால் டிஸ்ப்ளேயில் வெறும் புள்ளிகள். "ஐசி போயிடுச்சு சார், வயசாயிடுச்சுல்ல" என்றார். நான் கொடுத்தபோது கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததே என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில்: "பேட்டரி வீக்கா இருந்துச்சு, எடுத்துட்டு சார்ஜர்லயே ஓட்டிப் பார்த்தேன்."

அந்த வரிசை கால்குலேட்டர்களை வைத்திருக்கும் எவரும் முதலில் சொல்லும் எச்சரிக்கையே இதுதான். சார்ஜரின் மின்னழுத்தத்தை அடக்கி வைப்பது பேட்டரிதான். பேட்டரி இல்லாமலோ செத்த பேட்டரியோடோ சார்ஜரைச் செருகினால், ஐசி தாங்காத அளவு மின்னழுத்தம் நேராக உள்ளே போகும். ஐசிக்கு வயதாகவில்லை, அவர்தான் கொன்றார்.

வீட்டுக்கு வந்து நானே திறந்தேன். அடியில் ரப்பர் பாதங்களை உரித்தால் ஸ்க்ரூ தெரியும். மூடியை எடுத்ததும் எண்ணெய் ஸ்ப்ரே வாடை. பட்டன் போர்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் முனைகளை வெட்டியிருந்தார். தொழிற்சாலையில் சூடு வைத்து உருக்கி அழுத்திய முனைகள் அவை, வெட்டினால் மறுபடி உருக்குவதற்குப் பிளாஸ்டிக் மிச்சம் இருக்காது. அதனால் ஃபெவிக்விக் மாதிரி ஏதோ பசை வைத்து ஒட்டியிருக்கிறார். பசை வழிந்து இரண்டு தகட்டுக்கு அடியில் போய் இறுகிவிட்டது. மிச்ச இடத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 4க்குக் கீழே தங்க நிறமே இல்லை. குறுக்கும் நெடுக்கும் கீறல், நடுவில் செம்பு சிவப்பாகத் தெரிந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்.

இத்தனைக்கும் அந்தக் கோளாறுக்கு முதலில் செய்ய வேண்டியது, திறக்காமலே செய்யக்கூடியது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு பட்டன் ஓரமாக விட்டு, ஐம்பது அறுபது தடவை அழுத்தி, ஒரு நாள் காயவிட வேண்டும். நிறையப் பழைய கால்குலேட்டர்கள் இதிலேயே சரியாகிவிடும். பேட்டரி கசிவு காரத்தன்மை உள்ளது, பச்சை நிறத்தில் படிந்த இடத்தைப் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்துவிட்டு ஆல்கஹாலால் கழுவினால் போகும். எண்ணெய் ஸ்ப்ரே மட்டும் வேண்டவே வேண்டாம். அது பிசுக்காகத் தங்கித் தூசியை இழுத்துக்கொள்ளும்.

அதற்கும் மசியவில்லை என்றால்தான் திறப்பது. பட்டன்கள் ஒவ்வொன்றுக்கும் தனி வயர் கிடையாது. குறுக்கே சில கோடுகள், நெடுக்கே சில கோடுகள், பட்டனை அழுத்தினால் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் சேரும். ஒரே கோட்டில் இருக்கும் பட்டன்கள் எல்லாம் சேர்ந்து செத்திருந்தால் அந்தக் கோடு எங்கோ அறுந்திருக்கிறது, அதைச் சால்டர் வைத்துச் சேர்க்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செத்திருந்தால் அழுக்கு. மல்டிமீட்டரை அந்த இரண்டு கோட்டிலும் வைத்து பட்டனை அழுத்தினால் மின்தடை ஓரிரண்டு ஓமில் நிற்க வேண்டும். நூறு, முந்நூறு என்று துள்ளினால் தொடர்பு சுத்தமில்லை. பத்து நிமிட வேலை, அதைக்கூட அவர் செய்யவில்லை.

எனவே கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி, எது வேலை செய்கிறது எது செய்யவில்லை என்று வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்காததால்தான் அவர் "வரும்போதே இப்படித்தான் இருந்தது" என்று பிறகு மாற்றிப் பேச முடிந்தது. என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்யப் போகிறார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உப்புத்தாள், ஸ்ப்ரே என்ற வார்த்தை வந்தால் பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கால்குலேட்டரோடு சேர்த்து சார்ஜரைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. அந்த ஐசிக்குப் பதிலாகப் பொருந்தும் புது சர்க்யூட்டை ஆர்வலர்கள் செய்து தருகிறார்கள், அதற்குச் சொல்லி வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளேயில் மறுபடி 0.00 வந்துவிடும் என்று நம்புகிறேன். பட்டன் போர்டுக்கு வழி இல்லை, இன்னொரு செத்த எச்பி-25 கிடைத்தால் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்பாவின் பட்டன் மூடிகளை மட்டும் கழற்றித் துடைத்துத் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன், எந்தப் போர்டு வந்தாலும் மேலே அந்த 4தான் இருக்கும்.