மோத்மேன் அருங்காட்சியகம், பாயிண்ட் பிளசன்ட்: பொம்மைகளை விடுங்கள், காகிதங்களைப் படியுங்கள்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஒஹாயோ ஆறும் கனாவா ஆறும் கூடும் இடத்தில் இருக்கும் சின்ன ஊர் பாயிண்ட் பிளசன்ட். மாநிலத் தலைநகர் சார்ல்ஸ்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரம். 1966-ல் இங்கே பார்த்ததாகச் சொல்லப்பட்ட, இறக்கையுள்ள ஆள் போன்ற உருவம்தான் மோத்மேன், அதாவது அந்திப்பூச்சி மனிதன். கடைத்தெருவில் நிற்கும் அதன் 12 அடி எஃகுச் சிலைதான் ஊரின் அடையாளம். பாப் ரோச் செய்து 2003-ல் நிறுவியது. பக்கத்திலேயே, உள்ளூர்க்காரர் ஜெஃப் வாம்ஸ்லி 2005-ல் தொடங்கிய அருங்காட்சியகம். முன்னால் கடை, பின்னால் காட்சிக்கூடம். கட்டணம் சில டாலர்தான், கடைக்குள் போக அதுவும் வேண்டாம். ஆற அமரப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

இந்தக் கதையை வைத்து 2002-ல் ரிச்சர்ட் கியர் நடித்து வந்த படத்தின் பொருள்கள்தான் கூட்டத்தை இழுக்கின்றன. அந்தப் படத்தின் பெரும்பகுதி எடுக்கப்பட்டதோ பென்சில்வேனியாவின் கிட்டானிங்கில். அந்தப் பொருள்களில் நேரத்தைக் கரைக்காமல், சாட்சிகள் கைப்பட எழுதிய வாக்குமூலங்களுக்குப் போங்கள். இந்த இடத்துக்குக் கொடுக்கும் காசு அவற்றுக்கே தகும். 1966 நவம்பர் 15 இரவு காரில் போன இரண்டு இளம் தம்பதிகள் சொன்னது: ஆறரை, ஏழு அடி உயரம், முதுகில் மடித்த இறக்கைகள், கார் ரிஃப்ளெக்டர் போன்ற சிவப்புக் கண்கள். 100 மைல் வேகத்தில் ஓட்டியும் அது கூடவே வந்ததாம். அந்திப்பூச்சி பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. அந்தப் பெயர் பத்திரிகைக்காரர்கள் வைத்தது, டிவியில் பேட்மேன் ஓடிக்கொண்டிருந்த காலம். வாக்குமூலத்தை முதலில் படித்துவிட்டுப் பிறகு செய்தித்தாள் நறுக்குகளைப் பார்த்தால், கதை எங்கெங்கே ஊதிப்போனது என்று தெரியும்.

இந்தக் கதையின் பலவீனமான கண்ணி, ஒஹாயோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம். 1967 டிசம்பர் 15 மாலை அது இடிந்து 46 பேர் இறந்தார்கள். மோத்மேன் முன்னெச்சரிக்கை என்ற பேச்சு அதிலிருந்து வளர்ந்தது. காரணத்தில் மர்மம் இல்லை. 1928-ல் கட்டிய அந்தப் பாலம் கம்பிவடத்துக்குப் பதில் துளையுள்ள எஃகுச் சட்டங்களைக் கோத்த சங்கிலியில் தொங்கியது. ஒரு கண்ணிக்கு இரண்டே சட்டம். 330-ஆம் எண் சட்டத்தின் துளையோரத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழ விரிசல். இணைப்பைக் கழற்றாமல் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சட்டம் முறிந்ததும் மற்றது தாங்கவில்லை, மொத்தப் பாலமும் ஆற்றில். ஆறாம் தெருமுனை நினைவிடத்தில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. சிலையோடு செல்ஃபி எடுப்பவர்களில் பாதிப் பேராவது அங்கேயும் போகலாம்.

கதை நடந்த காடு ஊருக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டரில், இன்று மெக்ளின்டிக் வனவிலங்குப் பகுதி. உள்ளூரில் கேட்டால் டி.என்.டி. ஏரியா என்பார்கள், இரண்டாம் உலகப் போரில் வெடிமருந்து ஆலை இருந்த இடம். மண் மூடிய கான்கிரீட் கிடங்குகளை இக்ளூ என்கிறார்கள். திறந்து கிடப்பவற்றில் தரை வழுக்கும், எதிரொலி பயங்கரமாக இருக்கும்; உங்கள் செருப்புச் சத்தமே பின்னாலிருந்து வரும். பூட்டியதைத் தொடாதீர்கள், 2010-ல் ஒன்று வெடித்தே போனது. மண்ணும் நீரும் நஞ்சேறி, மத்திய அரசின் துப்புரவுப் பட்டியலில் வந்த இடம் இது. குளத்துத் தண்ணீரில் கை வைக்க வேண்டாம்.

இரவில் போனால், ரிஃப்ளெக்டர் என்ற அந்த வார்த்தையைச் சோதித்துப் பார்க்கலாம். விலங்கின் கண் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. நெற்றியில் கட்டும் விளக்கு வேண்டும், அல்லது டார்ச்சைக் கண்ணோரம் பிடிக்க வேண்டும். மான் கண் வெள்ளையாக மின்னும், பார்டு ஆந்தையின் கண் சிவப்பாக. தூரம் தெரியாத இருட்டில் உருவத்தின் அளவை ஊகிப்பதுதான் எல்லோரும் சறுக்கும் இடம்: பக்கத்துக் கிளையில் இருக்கும் ஆந்தையைத் தூரத்தில் நிற்பதாக நினைத்தால் அது ஆள் உயரம் ஆகிவிடும். சாண்ட்ஹில் கொக்கு என்ற விளக்கமும் அன்றே வந்தது. அதன் சிவப்பு வெறும் நெற்றித்தோல், ஒளிராது என்பதால் எனக்கு ஆந்தைதான் பொருந்துகிறது.

நவம்பர் கடைசியில் துப்பாக்கியோடு மான் வேட்டை நடக்கும்; ஆரஞ்சு உடுப்பு இல்லாமல் காட்டில் இறங்காதீர்கள். கோடையில் உண்ணி, முழுக்கால்சட்டை அவசியம். செப்டம்பர் மூன்றாம் வார இறுதித் திருவிழாவில் கடைத்தெரு முழுக்கத் தலைகள்தான். வேடிக்கைக்கு அது சரி, வாக்குமூலம் படிக்க வேறு நாள் பாருங்கள்.