‘பாய் ஏ’: பாதி மனசோடு ஒரு பரிந்துரை

இங்கிலீஷ் படம் என்றால் கார் பறக்கணும் என்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். 2007-ல் ஜான் க்ரோலி இயக்கிய பிரிட்டிஷ் படம் இது. சின்ன வயதில் கூட்டாளியோடு சேர்ந்து ஒரு சிறுமியைக் கொன்றவன், வளர்ந்து சிறையிலிருந்து வெளியே வருகிறான். ஜாக் என்று புதுப்பெயர். மான்செஸ்டரில் ஒரு டெலிவரி கம்பெனியில் வேலை.

நான் கிருஷ்ணகிரியில் பார்சல் ஆபீஸில் புக்கிங் பார்ப்பவன். அதனாலோ என்னவோ, அந்த வேன் காட்சிகள் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டன. லோடு ஏற்ற வருகிறவனிடம் ஆதார் ஜெராக்ஸ் வாங்குவோம், மூட்டையைத் தூக்கத் தெம்பு இருக்கா என்று பார்ப்போம், அவ்வளவுதான். பெங்களூர், சென்னை, சேலம் ரோடெல்லாம் வந்து சேருகிற ஊரில் ஒவ்வொருத்தன் பூர்வீகத்தையும் கிளறிக்கொண்டிருந்தால் வண்டி கிளம்பாது.

ஆண்ட்ரூ கார்ஃபீல்டுதான் ஜாக். ஆரம்பத்திலேயே, அவனைப் பார்த்துக்கொள்ளும் டெரி ஒரு புது ஷூ வாங்கித் தருகிறார். அதை வாங்கும்போது அந்த முகத்தைப் பாருங்கள்: சந்தோஷப்படலாமா என்று அனுமதி கேட்கிற முகம். இந்த நடிப்புக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது, தகும். டெரியாக வரும் பீட்டர் முல்லன் இன்னும் ஒரு படி மேல். ஊரான் பிள்ளையைத் தாங்குகிறார், சொந்த மகன் கண்ணில் படவில்லை. கதை உடைவதே அங்கேதான். மேலே சொல்ல மாட்டேன்.

சரி, குறைக்கு வருவோம். கொலையைத் துண்டு துண்டாகக் காட்டிவிட்டு, முக்கியமான இடத்தில் கேமரா ஒதுங்கிக்கொள்கிறது. செத்த பெண்ணின் வீட்டுப் பக்கம் போக இந்தப் படத்துக்கு மனசே வரவில்லை. போதாக்குறைக்கு, விபத்தில் சிக்கிய ஒரு சிறுமியை ஜாக் காப்பாற்றுகிறான். ஒன்று எடுத்தான், ஒன்று கொடுத்தான், வரவும் செலவும் சரி என்பதா? இவன் மேல் இரக்கம் வர இந்தச் சுளுவான வழி தேவையே இல்லை. அந்த ஷூ போதும்.

இந்தக் கதை மாதிரியே நிஜத்திலும் நடந்திருக்கிறது: 1993-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் பக்கம் பத்து வயதுப் பையன்கள் இரண்டு பேர் ஒரு குழந்தையைக் கொன்றார்கள். அவர்களின் புது அடையாளத்தை வெளியிடக் கூடாதென்று 2001-ல் கோர்ட்டே தடை போட்டது. நம்மிடமும் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு, இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெயர், படம் எதுவும் வெளியே வரக் கூடாது என்கிறது. சட்டம் மறைக்கும், டீக்கடை மறைக்குமா?

கூடப் பார்த்த மச்சான், “அந்தப் பொண்ணைப் பெத்தவங்க எங்கடா?” என்று கேட்டுவிட்டுப் பாதியில் எழுந்து படுக்கப் போய்விட்டார். நான் கடைசிவரை பார்த்தேன். மான்செஸ்டர் பேச்சு வேகமாக ஓடும், சப்டைட்டில் கட்டாயம். அப்புறம், மறுநாள் காலை ஷிப்ட் இருந்தால் ராத்திரியில் போடாதீர்கள், தூக்கம் வராது.