லேத் பட்டறையில் ஃபைவ் எஸ்: வருஷக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால் எது நிற்கிறது, எது நழுவுகிறது

கோவைப் பக்கம் பத்து, இருபது பேர் வேலை செய்கிற லேத் பட்டறைகளில் ஆயுத பூஜைக்கு முந்தின இரண்டு நாள் நடக்கும் சுத்தம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மெஷின் அடியிலிருந்து காணாமல் போன ஸ்பேனர்கள் வெளியே வரும். பெஞ்சுக்குக் கீழே கிடந்த மூட்டைகள் எடைக்குப் போகும். லேத்தின் படுகையில் எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைக்கும்போது மெஷின் புதுசு மாதிரி நிற்கும். மூன்றே வாரத்தில் பழைய கோலம் திரும்பிவிடும். ஃபைவ் எஸ் முறையைச் சுருக்கமாகச் சொன்னால், அந்த இரண்டு நாள் நிலைமையை மீதி நாட்களிலும் பிடித்து வைக்கிற ஏற்பாடு.

ஜப்பானியப் பெயர்கள் சீரி, சீட்டன், சீசோ, சீகெட்சு, சிட்சுகே. வேண்டாததை விலக்குவது, வேண்டியதற்கு இடம் கொடுப்பது, துடைப்பது, துடைத்ததை ஒரு வரைமுறையாக எழுதி வைப்பது, அதை விடாமல் செய்வது. 1998இல் சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்காக ஜப்பானில் தரும் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அந்தப் பரிசை வாங்கிய முதல் கம்பெனி அதுதான். இன்று வாகன உதிரிபாக ஆர்டர் வேண்டுமென்றால், சப்ளையர் ஆடிட்டில் ஃபைவ் எஸ் பற்றிய கேள்வி கட்டாயம் வரும். அதனால் பல பட்டறைகள் இதை ஆடிட்டுக்காகத்தான் தொடங்குகின்றன. கோளாறு பெரும்பாலும் அங்கேயே ஆரம்பமாகிறது.

நீண்ட நாள் பயன்படுத்தியதில் தெரிகிற முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் இரண்டு எஸ் போட்ட காசைச் சில மாதங்களில் திருப்பித் தந்துவிடும். மூன்றாவது, மெஷினின் ஆயுளைக் காப்பாற்றும். நான்காவதும் ஐந்தாவதும், ஷிஃப்ட் நேரத்துக்குள்ளேயே அதற்கென்று நிமிஷம் ஒதுக்காத பட்டறையில் நிற்பதே இல்லை. இந்த முறையின் உயிர் ஒரே விஷயத்தில் இருக்கிறது: இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொருள் இல்லையென்றால், யாரும் தேடாமலே அது இல்லை என்பது கண்ணில் பட வேண்டும். அதைத் தராத கோடும் லேபிளும் வெறும் அலங்காரம்.

வேண்டாததை விலக்குவதற்குச் சிவப்பு அட்டை கட்டுவார்கள். அட்டையில் பொருளின் பெயர், எண்ணிக்கை, கட்டிய தேதி, கட்டியவர் பெயர், காரணம், முடிவு எடுக்க வேண்டிய கடைசித் தேதி என்று ஆறு விவரம் போதும். அட்டை கட்டிய பொருளெல்லாம் சிவப்புக் கோடு போட்ட ஒரு இடத்துக்குப் போகும். 30 நாளில் யாரும் கேட்காவிட்டால் விற்பதோ, ஸ்டோருக்கு அனுப்புவதோ, வேறு பிரிவுக்குக் கொடுப்பதோ முடிவாக வேண்டும். நடைமுறையில் பிசகுவது அந்த முடிவுதான். "எப்பவாவது தேவைப்படும்" என்று சொல்லிச் சொல்லி, ஆறு மாதத்தில் அந்தச் சிவப்பு இடமே இரண்டாவது குடோன் ஆகிவிடும். இதற்கு இரண்டு தடுப்பு வேலை செய்கிறது. ஒன்று, அந்த இடத்தை வேண்டுமென்றே சின்னதாக, 2 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில் வைத்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கக் கூடாது என்று கட்டளை போடுவது. இரண்டு, மாதக் கடைசியில் முதலாளியே வந்து நின்று ஒவ்வொரு அட்டையிலும் கையெழுத்துப் போடுவது. சூப்பர்வைசருக்கு எதையும் எடைக்குப் போடும் துணிவு இருக்காது. அவர்மேல் பழி சொல்லவும் முடியாது.

எல்லாவற்றுக்கும் அட்டை கட்டிவிடவும் கூடாது. வாடிக்கையாளர் கொடுத்த ஜிக் (வெட்டும் கருவிக்கு வழிகாட்டும் அமைப்பு), பேட்டர்ன் (வார்ப்பு மாதிரி), கேஜ் (அளவு சரிபார்க்கும் கருவி) இவை அவர் சொத்து. இரண்டு வருஷம் ஆர்டர் வராவிட்டாலும் எழுத்தில் கேட்டு, பதில் வாங்கித்தான் அகற்ற வேண்டும். நம்முடைய பழைய ஃபிக்ஸரை (உருப்படியைப் பிடித்து நிறுத்தும் அமைப்பை) உடைப்பதற்கு முன் டிராயிங் எண் தெரிகிற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைப்பது நல்லது. அந்த ஜாப் (வேலை ஆர்டர்) திரும்பி வந்தால் புதிதாக யோசிக்கிற நேரம் மிச்சம். ரிஜெக்ட் ஆன ஜாப்களை (தேறாத உருப்படிகளை) இந்த இடத்தில் கலக்கவே கூடாது. அதற்குப் பூட்டுப் போட்ட தனிப் பெட்டி வேண்டும். பழைய இரும்பு விற்றாலும் ஜிஎஸ்டி பில் போட வேண்டும் என்பதால், கணக்குப் பார்ப்பவருக்கு முதல் நாளே சொல்லிவைப்பது பின்னால் வரும் சிக்கலைத் தவிர்க்கும்.

இடம் கொடுப்பதில்தான் இந்த முறை தன் முழு வலிமையையும் காட்டும். ஒவ்வொரு ஜாபுக்கும் தொடுகிற பொருள் கை எட்டும் தூரத்தில், ஒரு நாளைக்கு ஒரு முறை எடுப்பது நாலைந்து எட்டுக்குள், வாரம் ஒரு முறை எடுப்பது பிரிவு ரேக்கில், அதற்கும் குறைவானது ஸ்டோரில். சக் (உருப்படியைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) தாடைகள், மெஷின் வைஸ் போன்ற கனமானவை இடுப்பு உயரத் தட்டில். இவை ஒரு வாரத்தில் முடிகிற வேலை. நேரம் எடுப்பது நிழல் பலகை.

12 மி.மீ. பிளைவுட்டிலோ ஓட்டை போட்ட தகட்டிலோ ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் வரைந்து, அதன்மேல் கருவியை மாட்டுவதுதான் நிழல் பலகை. மார்க்கரில் ஓரம் மட்டும் வரைந்தால் எண்ணெய்க் கையில் நாலு மாதத்தில் அழிந்துபோகும். சாம்பல் நிறப் பலகையில் வடிவம் முழுவதையும் மஞ்சள் எனாமலால் நிரப்ப வேண்டும். அப்போதுதான் ஸ்பேனர் இல்லாத இடம் பத்தடி தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். இன்னொரு நுணுக்கம்: 12-13 ஸ்பேனரும் 14-15 ஸ்பேனரும் நிழலில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது தொங்கினால் பலகை நிறைந்த மாதிரிதான் தெரியும், ஆனால் கணக்குத் தப்பிவிடும். நிழலுக்குள் அளவை எண்ணாக எழுதி, ஸ்பேனரின் கைப்பிடியிலும் மெஷின் எண்ணைப் பொறித்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். பலகையில் கால்வாசி இடத்தைக் காலியாக விடுவதும் முக்கியம். ஜாப் மாறும், கருவியும் மாறும். முழுக்க நிரப்பிய பலகை அடுத்த ஆர்டரிலேயே பொய்யாகிவிடும். புதிதாக வந்த ஆலன் கீக்கு இடமில்லாமல் அது பெஞ்சில் கிடக்கும், அதைப் பார்த்து மற்றவையும் பெஞ்சுக்கு இறங்கும்.

கருவி எடுப்பவர் தன் பெயர் பொறித்த பித்தளை டோக்கனை அந்தக் கொக்கியில் மாட்டுவது ஸ்டோர்களில் வெகுகாலமாக இருக்கும் பழக்கம். அதை மெஷின் பக்கத்துப் பலகைக்கும் கொண்டுவந்தால் இரண்டு ஷிஃப்ட்டுக்கும் நடக்கிற சண்டை பாதிக்குமேல் குறைகிறது. ஷிஃப்ட் மாறும்போது இருவரும் பலகை முன்னால் ஒரு நிமிஷம் நின்றால் போதும்: கருவியும் இல்லாமல் டோக்கனும் இல்லாமல் இருக்கிற நிழல் எது என்பதுதான் கேள்வி. ஆனால் மைக்ரோமீட்டர், வெர்னியர் இவற்றைப் பலகையில் தொங்கவிடக் கூடாது. ஃபோம் வெட்டிய டிராயரில், அரவைக்கல் தூசி வராத பக்கம், மைக்ரோமீட்டரின் இரண்டு முகமும் ஒட்டாமல் சிறிது இடைவெளி விட்டு வைக்க வேண்டும். அடுத்த காலிப்ரேஷன் (கருவியின் துல்லியச் சரிபார்ப்பு) தேதியை டிராயரின் உள்ளே ஒட்டினால், எடுக்கிறவர் கண்ணில் தானாகப் படும்.

தரைக்கோடுதான் அதிகப் பணம் வீணாகிற இடம். பிவிசி டேப் மலிவு, ஒட்டுவதும் சுலபம். கைவண்டிச் சக்கரமும் கூலண்டும் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) படுகிற இடத்தில் சில வாரத்திலேயே ஓரம் தூக்கி, இரும்புச் சுருளோடு சேர்ந்து சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். எபாக்ஸி பெயின்ட் நிற்கும், ஆனால் எண்ணெய் ஊறிய பழைய காங்கிரீட்டின்மேல் அப்படியே அடித்தால் தோல் மாதிரி உரியும். டீகிரீசர் போட்டுத் தேய்த்து, சொரசொரப்பாக்கி, நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு கலவையையும் டப்பாவில் சொன்ன விகிதத்தில் கலந்து அடிக்க வேண்டும். நடக்க ஒரு நாள், வண்டி ஓட்ட ஒரு வாரம் வரை பொறுக்க வேண்டும். ஆகவே தொடர் விடுமுறை வரும் நாட்களில்தான் இந்த வேலையை வைத்துக்கொள்ள முடியும். இதைவிட முக்கியம், பெயின்ட்டை முதல் மாதம் தொடவே கூடாது. சாக்பீஸ் கோட்டில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தால், உருப்படி வைக்கும் தொட்டி எங்கே நிற்க விரும்புகிறது என்பது வேலையிலேயே தெரிந்துவிடும். இன்னொன்று, ரிஜெக்ட் பெட்டிக்கும் சிவப்பு, தீயணைப்புக் கருவியின் முன்னிடத்துக்கும் சிவப்பு, அட்டை கட்டிய பொருளுக்கும் சிவப்பு என்று போட்டுவிட்டு, நிறம் பேசும் என்று எதிர்பார்க்க முடியாது. தீயணைப்புக்கு முன்னால் கறுப்பு-மஞ்சள் பட்டை அடித்துவிடலாம்.

துடைப்பதைத் தூய்மை வேலையாகப் பார்க்கிற பட்டறை அதன் பலனில் பாதியைக்கூட அடையாது. துடைக்கிற கைதான் முதல் இன்ஸ்பெக்டர். லேத்தின் அடித்தட்டுக்கு வெளிர் நிறம் அடித்து வைத்தால், ஹைட்ராலிக் ஹோஸில் (எண்ணெய்க் குழாயில்) எண்ணெய் கசிய ஆரம்பித்த முதல் நாளே ஒரு கறுப்புப் பொட்டு விழும். அந்தப் பொட்டில் கவனித்தால் ஹோஸ் மாற்றும் செலவோடு போகும். கவனிக்காவிட்டால் பம்பு வரை போகும். வார்ப்பிரும்பு ஜாப் ஓடும் மெஷினில் ஸ்லைடு வைப்பரின் (நகரும் பாதையைத் துடைக்கும் பட்டையின்) ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது அன்றாட வேலையாக வேண்டும். அந்தத் தூள் எண்ணெயோடு சேர்ந்தால் அரவைப் பசை மாதிரிதான். ஏர் கன்னால் ஊதிச் சுத்தம் செய்வது பார்க்க வேகமாக இருக்கும். ஆனால் தூளை வைப்பருக்கு உள்ளே தள்ளுவதும் பக்கத்து ஆள் கண்ணில் அடிப்பதும் அதுதான். பிரஷ்ஷும் கொக்கியும் போதும். துடைக்கும் பனியன் வேஸ்ட்டை ஓடுகிற சக் பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஒரு நூல் மாட்டினால் கையையும் இழுத்துவிடும். இரும்புச் சுருள் ஒரே இடத்தில் தினமும் சிதறுகிறது என்றால், கூடுதல் ஆள் வைத்துப் பெருக்குவதைவிட ஒரு தகட்டை வளைத்து மறைப்புக் கட்டுவதே சரி. குப்பை பிறக்கும் இடத்தை அடைக்காமல் தினமும் பெருக்கச் சொன்னால் ஆட்கள் சலித்துப்போவது நியாயம்.

இதற்கெல்லாம் ஷிஃப்ட் முடிவில் 10 நிமிஷம் வேண்டும், அதுவும் உற்பத்தி எண்ணிக்கையில் கழித்துக் கொடுத்த 10 நிமிஷமாக. எட்டு மணி நேரத்துக்கான பீஸ் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, "போகும்போது துடைத்துவிட்டுப் போ" என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். இங்கே தோற்ற பட்டறைகள்தான் அதிகம். முதலாளிகள் ஆட்களின் ஒழுக்கத்தைக் குறை சொல்கிறார்கள். குறை நேரக் கணக்கில் இருக்கிறது.

மதிப்பெண் ஆடிட் இன்னொரு பள்ளம். ஐம்பது கேள்விக்கு மார்க் போட்டு, சுவரில் வரைபடம் ஒட்டினால், மூன்றாம் மாதத்திலிருந்து எல்லாப் பிரிவும் தொண்ணூறுக்கு மேல்தான் வாங்கும். ஆடிட் நாள் காலையில் பொருளெல்லாம் டிராலியில் ஏறிப் பின்பக்கம் போய் நிற்கும். அதற்குப் பதில் ஒரே ஒரு சோதனை போதும்: சேர்ந்து ஒரு வாரம் ஆன ஹெல்பரிடம் ஒரு கேஜின் பெயரைச் சொல்லி எடுத்துவரச் சொல்லுங்கள். 30 விநாடியில் கொண்டுவந்து, திரும்ப அதே இடத்தில் வைத்தால் முறை உயிரோடு இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தம்பிகள் பாதிப்பேர் இருக்கிற பட்டறையில், தமிழில் மட்டும் எழுதிய லேபிளோ ஆங்கில லேபிளோ இந்தச் சோதனையில் தோற்கும். படம், நிறம், எண் இவை மூன்றும் யாருக்கும் புரியும். வரைமுறைத் தாளும் அப்படித்தான்: மெஷின் பக்கத்தில் ஒரே ஒரு ஏ4 போட்டோ, அதன் கீழே தேதி. எங்கே நின்று போட்டோ எடுத்தோமோ அங்கே தரையில் ஒரு புள்ளி வைத்துவிட்டால், அங்கே நின்று யாரும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பணமில்லாமல் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை நல்ல சான்று. கூட்டம் நிரம்பிய அந்த அரசு மகப்பேற்று மருத்துவமனை, இருக்கிற ஆட்களை வைத்துக்கொண்டே ஃபைவ் எஸ்ஸை நிலைநிறுத்தியது. பின்னாளில் ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான ஜைக்கா ஆப்பிரிக்க நாட்டு மருத்துவமனைகளுக்கு அதை முன்மாதிரியாகக் காட்டியது.

இந்த முறையால் ஆகாதவையும் உண்டு. பிளானிங் தப்பாக இருந்தால், தேவைக்கு மேல் ஓட்டிய ஜாப்கள் நேர்க்கோட்டில் அழகாக அடுக்கி நிற்குமே தவிர குறையாது. ஆபீஸ் மேசையில் ஸ்டேப்ளருக்கும் பேனாவுக்கும் கட்டம் போடுவது வேண்டாத வேலை. ஒருவர் மட்டும் உட்காரும் மேசையில் எதுவும் தொலைவதில்லை. அச்சும் ஃபிக்ஸரும் செய்யும், தினம் ஒரு ஜாப் மாறும் டூல்ரூமில், ஒரே ஜாப் ஓடும் மெஷினுக்குச் செய்கிற மாதிரி எல்லாவற்றையும் நிலையாக ஆணியடிக்க முடியாது. அங்கே ஜாப் வாரியாகக் கருவியும் டிராயிங்கும் சேர்ந்து நகரும் டிராலிதான் பொருந்தும்.

கடைசியாக, லேத் ஓட்டும் டர்னர்கள். இருபது, முப்பது வருஷ அனுபவமுள்ள டர்னரிடம் அவரே தீட்டிய ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல்கள் ஒரு டப்பாவில் இருக்கும். த்ரெட் போட ஒன்று, குறுகிய பள்ளம் எடுக்க ஒன்று, பித்தளைக்குத் தனியாக ஒன்று. ஒவ்வொன்றின் கோணமும் அவர் கைக்குத்தான் தெரியும். ஃபைவ் எஸ் பெயரில் அதைப் பிடுங்கிப் பொதுப் பலகையில் மாட்டினால், டூல் முனை ஒரே வாரத்தில் உடையும், அவர் மனமும் சேர்ந்து உடையும். அவருடைய மெஷினிலேயே பூட்டுடன் ஒரு டிராயர் கொடுத்து, அவர் பெயரை எழுதி, உள்ளே எப்படி அடுக்குவது என்பதை அவரிடமே விட்டுவிட வேண்டும்.