உள்ளே இருக்கும் சொல்லைப் பார்த்துக் கோப்பெடுக்க: ஃபோர் லூப்பா, ஃபைண்டா, எக்ஸ்ஆர்க்ஸா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கமக்காரர் அமைப்புகளின் கூட்டக் குறிப்புகளை ஊருக்கொரு ஃபோல்டராகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். எல்லாம் வெறும் டெக்ஸ்ட் கோப்புகள். 'வாய்க்கால்' என்ற சொல் வரும் குறிப்புகளை மட்டும் பிரித்துப் பென் டிரைவில் போடவேண்டி வந்தது. லினக்ஸில் கட்டளை எழுதிச் செய்யும் மூன்று வழிகளையும் ஓட்டிப் பார்த்தேன்.

அநேகமானோர் முதலில் எழுதுவது, ஒவ்வொரு பெயராக எடுத்து ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபோர் லூப். சொல் தேடும் கட்டளையான கிரெப்புக்குச் சின்ன எல் தெரிவைக் கொடுத்தால் சொல் உள்ள கோப்பின் பெயரை மட்டும் தரும். அந்தப் பெயர்களை லூப்பில் விட்டு, பிரதி எடுக்கும் கட்டளையான சீபீயை ஓட்டுவது. ஆனால் கட்டளைகளை வாசித்து ஓட்டும் ஷெல், இடைவெளி கண்ட இடமெல்லாம் பெயரை வெட்டும். 'தை மாதக் கூட்டம்' மூன்று துண்டாகி, அப்படிக் கோப்பே இல்லை என்று சீபீ சொல்லும். தமிழில் பெயர் வைக்கிற நமக்கு இது சரிவராது.

கோப்புகளைத் தேடியெடுக்கும் ஃபைண்டில், கிடைத்த கோப்பின் மேல் இன்னொரு கட்டளையை ஓட்டும் எக்செக் தெரிவை இரண்டு தரம் போடலாம். முதலாவது கிரெப்பைச் சத்தமில்லாமல் ஓட்டும். அது ஓம் என்றால்தான் இரண்டாவது பிரதி எடுக்கும். இடைவெளிச் சிக்கல் இல்லை, திகதி நிபந்தனையும் சேர்க்கலாம். கோப்புக்கொரு கிரெப் புதிதாக எழும்புவதால் என் பழைய லேப்டாப்பில் இழுபட்டது.

நான் பிடித்துக்கொண்டது மூன்றாவதை: கிரெப்பில் பெரிய இசட், பெயர்களைத் திரட்டி அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸில் பூச்சியம், சீபீயில் போய்ச் சேரவேண்டிய ஃபோல்டரை முன்கூட்டியே சொல்லும் சின்ன டீ. பெயர்களுக்கு நடுவே நல் (null) எனும் கண்ணுக்குத் தெரியாத எழுத்து விழும். லினக்ஸில் கோப்புப் பெயருக்குள் வரவே முடியாதவை அதுவும் சாய்கோடும் மட்டும்தான். ஆகவே எந்தப் பெயரும் உடையாது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 'தை மாதக் கூட்டம்' எல்லா ஊரிலும் உண்டு. முதல் இரண்டு வழியிலும் சீபீ ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே ஓடுவதால், வவுணதீவுக் குறிப்பின் மேல் வெல்லாவெளிக் குறிப்பை எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கும். மூன்றாவதில் ஒரே சீபீ எல்லாவற்றையும் எடுப்பதால், இப்போதுதான் வைத்ததன் மேல் எழுதமாட்டேன் என்று மறுக்கும். கோப்புகள் மிகக் கூடினால் எக்ஸ்ஆர்க்ஸ் அதையும் பிரித்து ஓட்டும். எதற்கும் சீபீயில் பேரன்ட்ஸ் தெரிவைச் சேர்த்து, ஊர் ஃபோல்டரோடு எடுங்கள்.

கிரெப் போலவே சொல் தேடும், 2016இல் வந்த ரிப்கிரெப் நல்ல வேகம். ஆனால் பெயர் புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளைத் தானாகவே தாண்டிவிடும். ஆவண வேலையில் அந்தப் பழக்கத்தை நிறுத்திவிட்டுத்தான் தொடவேண்டும்.

மூன்று வழிக்கும் பொதுவான ஒரு சிக்கல், யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்த கோப்பு. யுனிகோடில் தேடினால் அதில் ஒன்றும் அகப்படாது. யுனிகோடிலும் 'கொக்கட்டிச்சோலை' தவறும்: 'கொ'வின் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, கிரெப் இரண்டையும் வேறென்றே எடுக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட சொல்லைத் தேடவைக்கும் மைனஸ் ஈ தெரிவைக் கிரெப்பில் போட்டு இரண்டு வடிவத்தையும் சேர்த்துத் தேடியபோதுதான் விடுபட்ட குறிப்புகள் வந்தன.