'ஒவ்வொரு மவுஸுக்கும் தனி வேகம்': பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

ஒரே கணினியில் இரண்டு, மூன்று மவுஸ்களை இணைத்து வேலை செய்பவர்களுக்காக எழுதுகிறேன். ஒவ்வொன்றுக்கும் கர்சர் வேகத்தைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி விற்கப்படும் ஒரு மென்பொருளுக்குப் பணம் கட்டி, சொன்ன எதுவும் கிடைக்காமல் நிற்கிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. எந்தப் பெயரில் வந்தாலும் இந்தத் தந்திரத்தை அடையாளம் கண்டுகொள்ள முடிந்தால் போதும்.

என் தேவை சின்னது. வலது கைக்கு 1600 டிபிஐ (ஓர் அங்குல அசைவுக்கு அனுப்பும் எண்ணிக்கை) மவுஸ். மணிக்கட்டு வலிக்கும் நேரங்களில் இடது கைக்கு 400 டிபிஐ டிராக்பால், அதாவது பந்தை உருட்டிக் கர்சரை நகர்த்தும் மவுஸ். அதே ஓர் அங்குல அசைவுக்கு முதலாவது 1600 எண்ணிக்கைகளை அனுப்பும், இரண்டாவது 400 மட்டுமே அனுப்பும். நான்கு மடங்கு வித்தியாசம். மவுஸுக்கு ஏற்றபடி வேகத்தை வைத்தால் டிராக்பால் ஊர்கிறது. டிராக்பாலுக்கு ஏற்றபடி வைத்தால் மவுஸ் பறக்கிறது. விண்டோஸில் கர்சர் வேகம் என்பது 1 முதல் 20 வரையிலான ஒரே ஒரு எண். இயல்பாக 10 இருக்கும். எத்தனை மவுஸ் செருகினாலும் எல்லாவற்றுக்கும் அந்த ஓர் எண்தான். லேப்டாப்பின் டச்பேடுக்கு மட்டும் தனி அமைப்பு உண்டு.

இந்தக் குறையைத்தான் அவர்கள் காசாக்குகிறார்கள். திரையைப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியாது: இணைத்திருக்கும் ஒவ்வொரு மவுஸும் பெயரோடு வரிசையாகத் தெரியும், ஒவ்வொன்றுக்கும் கீழே நகர்த்துவதற்கு ஒரு பட்டை. இலவச முன்னோட்டப் பதிப்பில் ஒரே ஒரு மவுஸுக்குத்தான் வேகம் மாற்றலாம். அதில் எல்லாம் பிரமாதமாக இயங்கும். ஏன் இயங்காது? இந்த மென்பொருளின் கோளாறு இரண்டு மவுஸ்களுக்கு இரண்டு வேகம் வைக்கும்போதுதான் வெளியே வரும். அந்த இரண்டாவது மவுஸ் பணம் கட்டிய பிறகுதான் திறக்கும். முன்னோட்டத்தை அப்படி வெட்டியது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பணம் கட்டியபின் நடந்தது இது. டிராக்பாலில் வேலை செய்துவிட்டு மவுஸைத் தொட்டால், கர்சர் முதலில் ஒரு தாவு தாவும். 'சேமி' பொத்தானுக்கு வந்தால் அதைத் தாண்டிப் பக்கத்திலிருக்கும் 'நீக்கு' பொத்தானில் போய் நிற்கும். அதற்குப் பிறகுதான் வேகம் அடங்கும். இரண்டையும் ஒன்றாக அசைத்தால் கர்சர் நடுக்கம் பிடித்ததுபோல் துடிக்கும். சந்தேகம் வந்து, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, மவுஸ் அமைப்புகளில் 'மவுஸ் சென்சிட்டிவிட்டி' என்ற வரியைப் பார்த்தேன். மவுஸை அசைத்துவிட்டு, திரையைப் புதுப்பிக்கும் எஃப்5 விசையை அழுத்தினால் 4. டிராக்பாலை உருட்டிவிட்டு எஃப்5 அழுத்தினால் 16. மறுபடி மவுஸ், மறுபடி 4. தனித்தனி வேகம் என்று அவர்கள் விற்றது, விண்டோஸின் அதே ஒற்றை எண்ணைத்தான். ஒரே ஜோடிச் செருப்பை இருவருக்கும் மாற்றி மாற்றி மாட்டிவிட்டு, இரண்டு ஜோடிக்கு பில் போடுகிற வியாபாரம்.

இதன் சூட்சுமம் எளியது. எந்த மவுஸ் அசைந்தது என்பதை மென்பொருளுக்குச் சொல்லும் 'ரா இன்புட்' வசதி விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே இருக்கிறது. இவர்களுடைய மென்பொருள் அதைக் கேட்டுக்கொண்டிருந்து, மவுஸ் மாறியதும் பொது எண்ணை மாற்றுகிறது. ஆனால் அசைவு நடந்த பிறகுதான் அதற்குச் செய்தியே போகும். அதனால் முதல் தாவலைத் தவிர்க்கவே முடியாது. ரா இன்புட்டை நேரடியாகப் படிக்கும் கணினி விளையாட்டுகள் அந்தப் பொது எண்ணைக் கண்டுகொள்வதே இல்லை. அங்கே இந்த மென்பொருள் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

இதற்கு மேல் இன்னொரு கொள்ளை. வரிசை எண் இல்லாத மவுஸ்களே சந்தையில் அதிகம். அப்படிப்பட்ட மவுஸை வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதுச் சாதனமாகவே கருதும். இவர்களோ உரிமத்தைச் சாதனக் கணக்கில் விற்கிறார்கள். துளை மாறிய என் பழைய டிராக்பாலைப் பார்த்து, 'உரிம வரம்பு முடிந்துவிட்டது, கூடுதல் சாதனத்துக்கு வாங்கவும்' என்றது திரை.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். மவுஸ்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது 'பரிந்துரைக்கப்பட்ட பயன்பாடு அல்ல' என்று பதில் வந்தது. பின்னே எதற்கய்யா இரண்டு பட்டைகள்? பணத்தைத் திருப்பிக் கேட்டால், உரிமக் குறியீட்டைப் பதிவு செய்துவிட்டபடியால் இயலாதாம். வேண்டுமானால் டிரைவர் (சாதனத்துக்கும் விண்டோஸுக்கும் நடுவே இயங்கும் நிரல்) வடிவில் வரும் உயர் பதிப்பைச் சோதித்துப் பாருங்கள் என்று ஓர் இணைப்பு மட்டும் கொடுத்தார்கள்.

டிரைவராகச் செய்வது சரியான வழிதான். கர்சர் கணக்கு நடப்பதற்கு முன்பே ஒவ்வொரு மவுஸின் எண்ணிக்கையையும் தனியாகப் பெருக்கிவிடலாம். ஆனால் அவர்களுடைய டிரைவருக்கு விண்டோஸ் ஏற்கும் முறையான டிஜிட்டல் கையொப்பம் இல்லை. 'செக்யூர் பூட்' என்ற தொடக்கநேரப் பாதுகாப்பை அணைத்து, விண்டோஸை 'டெஸ்ட் மோட்' என்ற சோதனை நிலைக்கு மாற்றச் சொன்னது நிறுவல் குறிப்பு. முறையான கையொப்பமில்லாத டிரைவர்களும் கணினியின் அடிமடிவரை போகக் கதவு திறந்துவிடும் வேலை இது. ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கணினி ஒன்றில்தான் அதைச் சோதித்தேன். திரையின் வலது கீழ்மூலையில் டெஸ்ட் மோட் என்ற எழுத்து நிரந்தரமாகக் குடியேறியது. டிரைவரை நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்தபோது எந்த மவுஸும் வேலை செய்யவில்லை. கோப்பை அழித்தவர்கள், ரெஜிஸ்ட்ரியில் மவுஸ் வகுப்பின் 'அப்பர்ஃபில்டர்ஸ்' பட்டியலில் (எல்லா மவுஸோடும் சேர்த்து ஏற்ற வேண்டிய டிரைவர்களின் பட்டியல்) அதன் பெயரை அப்படியே விட்டிருந்தார்கள். இல்லாத டிரைவரைத் தேடி விண்டோஸ் எல்லா மவுஸையும் முடக்கிவிட்டது.

இதே நிலையில் யாராவது மாட்டியிருந்தால்: விசைப்பலகையை மட்டும் வைத்தே, விண்டோஸின் சிஸ்டம் ரெஸ்டோர் வசதி மூலம் பழைய நிலைக்குப் போகலாம். ரெஜிஸ்ட்ரியில் கைவைப்பதென்றால் அந்தப் பட்டியலில் அவர்களுடைய டிரைவர் பெயரை மட்டும் நீக்குங்கள். விண்டோஸின் சொந்த மவுஸ் டிரைவரான 'மவுகிளாஸ்' என்ற பெயர் அங்கே இருந்தே ஆக வேண்டும். பட்டியலை முழுவதுமாக அழித்தால், அந்தப் பெயரை மறுபடி சேர்க்கும்வரை மவுஸ் வராது.

இத்தனைக்கும் இந்த வேலைக்குப் பணமே தேவையில்லை. டிபிஐ மாற்றும் பொத்தான் உள்ள மவுஸ் என்றால், வேகமான மவுஸை மெதுவானதன் அளவுக்கு இறக்கிவிட்டாலே பாதித் தொல்லை தீரும். அமைப்பைத் தனக்குள்ளேயே சேமித்துக்கொள்ளும் மவுஸ் என்றால் எந்தக் கணினிக்குப் போனாலும் அது மாறாது. விண்டோஸில் டிரைவர் வழியேதான் வேண்டும் என்பவர்களுக்கு ரா ஆக்செல் என்ற மென்பொருள் இருக்கிறது: இலவசம், மூல நிரல் திறந்தது, டிரைவர் கையொப்பமிடப்பட்டது, சாதனத்துக்கு ஒரு அமைப்பு வைக்கலாம். லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா மேசைத்தளத்தின் அமைப்புகளிலேயே மவுஸைத் தேர்ந்தெடுத்து வேகம் வைக்கலாம். லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11 பயன்படுத்துபவர்களுக்கு எக்ஸ்இன்புட் கட்டளை போதும். அதில் சாதன எண் மாறக்கூடியது, ஆகவே மவுஸின் பெயரைக் கொடுப்பது நல்லது. லினக்ஸின் இன்னொரு மேசைத்தளமான க்நோமில் எல்லா மவுஸுக்கும் ஒரே பட்டைதான்.

ஏற்கெனவே இப்படி ஒன்றை வாங்கிவிட்டவர்கள் கவனிக்க வேண்டியது, சந்தா ஆண்டுதோறும் தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற வரி. எனக்கு அது ரசீதின் அடியில்தான் தென்பட்டது. மென்பொருளை நீக்கினால் சந்தா நிற்காது. கணக்கில் நுழைந்து ரத்து செய்து, அதற்கான உறுதி மின்னஞ்சலைக் கேட்டு வாங்குங்கள். 'ஒவ்வொரு மவுஸுக்கும் தனி வேகம்' என்று அவர்கள் எழுதியிருக்கும் விளம்பரப் பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். வங்கியில் கார்டு கட்டணத்தை எதிர்த்து முறையிடும்போது அது வேண்டும். என் முறையீட்டோடு அதையும், 4, 16 என்று மாறிய அந்த ரெஜிஸ்ட்ரி வரியின் படங்களையும் இணைத்திருக்கிறேன். உறுதி மின்னஞ்சல் மட்டும் இன்னும் வந்தபாடில்லை.