பேலம் குகைக்கு வேன் டூரா? அட்வான்ஸ் போடும் முன் படிங்க

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்புகளில் "பேலம் குகை, கண்டிக்கோட்டை, யாகந்தி கோயில், 2 நாள்" என்று ஆந்திராவுக்கு ஒரு டூர் விளம்பரம் சுற்றுகிறது. பணம் கட்டிப் போன குடும்பங்கள் நொந்துபோய்த் திரும்பியிருக்கின்றன. நடத்துபவர் பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் பார்ப்போம்.

முதல் கோளாறு விளம்பரப் படத்திலேயே. கூரையிலிருந்து கற்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பிரமாண்டமான கூடம் எங்கோ எடுத்த படம். ஆந்திராவின் நந்தியால் மாவட்டத்தில் இருக்கும் பேலத்தின் வாய், சமவெளியில் கிணறு மாதிரி இறங்கும் பள்ளம். உள்ளே நிலத்தடி நீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து உண்டாக்கிய நீளமான சந்துகள்தான் அதிகம். அளந்த நீளம் 3,229 மீட்டர், நாம் நடக்க முடிவது சுமார் ஒன்றரை கிலோமீட்டர். அதுவே அருமையான இடம், பொய்ப்படம் தேவையே இல்லை. கண்டிக்கோட்டையில் இருப்பது பெண்ணாறு அறுத்த பள்ளத்தாக்கு. விளம்பரத்தில் அதையும் குகைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

அடுத்தது நேரம். இங்கிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி கிளம்பும் வேன் மறுநாள் மதியம் தாண்டித்தான் சேரும், சாயங்காலம் குகையை மூடிவிடுவார்கள். முக்கால் மணி நேரத்தில் எல்லாரையும் வெளியே கூப்பிட்டால், 46 மீட்டர் ஆழத்திலுள்ள பாதாளகங்கை என்ற நிலத்தடி ஓடையை எப்படிப் பார்ப்பது? போய்வர நிதானமாக 2 மணி நேரம் வேண்டும். குகைக்குக் காலையில் போய்ச் சேருவோம் என்று எழுதித் தராதவரிடம் பணம் கட்டாதீர்கள்.

"ஸ்பெஷல் என்ட்ரி" என்று வேனுக்குள் வசூலித்தால் கொடுக்க வேண்டாம். வாசல் கவுன்ட்டரில் நீங்களே டிக்கெட் எடுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் சொல்லாதது புழுக்கம். உள்ளே காற்றோட்டம் இல்லை, ஈரப்பதம் அதிகம். குழாய் வழியாக வெளிக்காற்றைத் தள்ளியும் சட்டை நனைந்துவிடும். மூச்சிரைப்பு, இதயக் கோளாறு உள்ளவர்கள் ஆழமான பகுதிக்குப் போக வேண்டாம். ரப்பர் செருப்பு வழுக்கும், ஷூ நல்லது. தண்ணீர் பாட்டிலும் டார்ச்சும் கையில் இருக்கட்டும். சில இடங்களில் குனிந்துதான் போக முடியும், தலை பத்திரம்.

திரும்பும் வழியில் "குகைக் கல்" என்று விற்பார்கள். வாங்காதீர்கள். நம்ம கடலோரத்தில் பவளப்பாறைத் துண்டு விற்கிற அதே வியாபாரம்தான். பவளம் வைத்திருந்தாலே வனத்துறை வழக்கு.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய விவரம் இரண்டையும் அழிக்காமல் வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.